கேள்வி – பதில்: பழைய உலாவி இருக்கட்டும், புதியதையும் பார்ப்போம்

மடிக்கணினியில் இதுவரை பயன்படுத்திய உலாவியை (பிறவுசரை) விட்டு வேறொன்றை முயன்று பார்க்கலாமா என்று கேட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்த விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தபடியால், எல்லோருக்கும் ஊர்ப்பெயரை மட்டும் தருகிறோம்.

விசுவமடுவிலிருந்து ஓர் ஆசிரியை: என்னிடம் இருப்பது 4 ஜீபி ராம் உள்ள மடிக்கணினி, விண்டோஸ் 10. குரோமில் பத்துப் பன்னிரண்டு ரப்களைத் திறந்தால் அப்படியே உறைந்துபோகிறது. பாடசாலையில் என்னுடன் கற்பிக்கும் தம்பி ஒருவர் பிரேவ் போடச் சொல்கிறார். மகள் பயர்பொக்ஸ்தான் நல்லது என்கிறாள். இரண்டு பிறவுசர் இருந்தால் ஒன்றோடொன்று மோதாதா? குரோமை நீக்கிவிட்டுத்தான் மற்றதைப் போட வேண்டுமா?

குரோமை நீக்க வேண்டாம். ஒரு கணினியில் எத்தனை உலாவிகளையும் வைத்திருக்கலாம்; ஒவ்வொன்றும் தன் புக்மார்க், கடவுச்சொல், பார்த்த பக்கங்களின் பட்டியல் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்வதால் அவை மோதுவதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் உங்கள் 4 ஜீபி ராம் திணறும் என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது. சொல்லப்போனால், உங்கள் கணினியில் ஏற்கெனவே இரண்டாவது உலாவி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10 உடன் வரும் மைக்ரோசொப்ட் எட்ஜ்தான் அது. டேற்றா செலவழித்து எதையும் தரவிறக்குவதற்கு முன்னர், ஒரு வாரம் அதையே பயன்படுத்திப் பார்ப்பதில் நட்டமில்லை.

அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, கடைத்தெருவில் இருக்கும் உலாவிகளின் உறவுமுறை. கூகுள் 2008 செப்டெம்பரில் குரோமை வெளியிட்டபோதே அதன் அடிப்படை நிரலைக் குரோமியம் என்ற பெயரில் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாகத் திறந்துவிட்டது. நோர்வேயில் பிறந்த ஒபெரா 2013 இல், பக்கங்களை வரைந்து காட்டும் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2020 ஜனவரியில் எட்ஜை அதே அடித்தளத்தில் மறுபடி கட்டி வெளியிட்டது. பிரேவும் விவால்டியும் தொடக்கத்திலிருந்தே குரோமியத்தில் கட்டப்பட்டவை. லான்ட்மாஸ்டரில் இயந்திரம் ஒன்றுதான், பின்னால் பெட்டியைப் பூட்டினால் நெல் மூட்டை ஏற்றலாம், சுழல் கலப்பையைப் பூட்டினால் வயல் உழலாம் என்பதைப் போல, இந்த உலாவிகளில் வேறுபடுவது பின்னால் பூட்டியிருப்பது மட்டுமே. விண்டோஸில் ஓடும் பெரிய உலாவிகளுள் சொந்த இயந்திரத்தோடு நிற்பது பயர்பொக்ஸ். அதன் இயந்திரத்துக்குக் கெக்கோ என்று பெயர். எனவே தம்பி சொன்னபடி குரோமிலிருந்து பிரேவுக்குப் போனால் விளம்பரத் தடுப்பும் தனியுரிமை அமைப்புகளும் மாறும். பக்கங்களை வரைந்து காட்டும் விதம் மாறாது. மகள் சொன்னபடி பயர்பொக்ஸுக்குப் போனால்தான் உண்மையில் வேறொன்றை முயன்று பார்க்கிறீர்கள்.

ராம் விடயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். "இலேசான உலாவி" என்ற விளம்பரத்தை நம்பி மாறுபவர்கள் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதைக் காணலாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பெயரில் புரோசசர்களின் ஒரு குறைபாடு வெளியே தெரிந்தது. ஒரு தளத்தின் இரகசியத்தை இன்னொரு தளம் நினைவகத்தின் வழியாக எட்டிப் பார்க்க அது இடம் கொடுத்ததால், குரோம் அதே ஆண்டில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயன்முறையாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியது; பயர்பொக்ஸும் 2021 இல் அதே வழிக்கு வந்தது. இந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலைதான் கூடுதல் நினைவகம். ஆகையால், இன்றைய நிலையில் எந்த உலாவி என்பதைவிட எத்தனை ரப், எத்தனை நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணைச் செயலி) என்பதே உங்கள் கணினியின் வேகத்தைக் கூடுதலாகத் தீர்மானிக்கும். குரோமின் அமைப்புகளில் 'செயல்திறன்' என்ற பகுதிக்குள் நினைவகச் சேமிப்பு என்றொரு வசதி உண்டு. நெடுநேரம் பார்க்காத ரப்களை அது உறங்க வைக்கும். எட்ஜிலும் அதற்கு ஒப்பானது இருக்கிறது. பயர்பொக்ஸ், நினைவகம் நிரம்பும் தறுவாயில் பழைய ரப்களைத் தானாகவே இறக்கிவைக்கும். குரோமில் அதை இயக்கி, தேவையற்ற நீட்சிகளையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். மாற வேண்டிய தேவையே இல்லாமற் போகவும் கூடும்.

அப்படியும் முயன்று பார்க்க விரும்பினால், முதல் சில நாட்களில் காண்பதை நம்ப வேண்டாம். புதிய உலாவி இரண்டு விதமாகப் பொய் சொல்லும். நீட்சிகளோ பழைய பதிவுகளோ எதுவும் இல்லாமல் வெறுமையாக இருப்பதால், அது உள்ளதைவிட வேகமாகத் தெரியும். அதே வெறுமையினாலேயே, நீங்கள் வழமையாகப் போகும் தளங்களின் படங்களையும் எழுத்துருக்களையும் அது இன்னும் சேமித்து வைத்திருக்காமல், ஒவ்வொன்றையும் முதன்முறையாக இறக்க வேண்டியிருப்பதால், சில பக்கங்கள் பழையதைவிட மெதுவாகத் திறக்கும். டேற்றாவும் கூடுதலாகப் போகும். இரண்டும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு இணையத்தில் கிடைக்கும் வேகச் சோதனைகள் வேண்டாம். உங்கள் வேலையைக் கொண்டே சோதியுங்கள். கடந்தகால வினாத்தாள் ஒன்றைப் பீடிஎப் ஆகத் திறப்பது, கல்வி வலயத்திலிருந்து வரும் கூகுள் படிவத்தைத் தமிழில் தட்டச்சிட்டு நிரப்புவது, யூரியூப் பாடமொன்றை ஓடவிட்டபடியே குறிப்பெழுதுவது, ஒரு பக்கத்தைக் கொமியூனிக்கேஷன் கடையில் அச்சிடுவதற்காகப் பீடிஎப் ஆகச் சேமிப்பது போன்ற வேலைகளைப் பட்டியலிட்டு, அதே ரப்களை முதலில் ஒன்றிலும், அதை முற்றாக மூடியபின் மற்றதிலும் திறந்து பாருங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில், ஒவ்வொரு மென்பொருளும் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்பது தெரியும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தட்டச்சைச் சோதிக்கும்போது கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டி நிற்கின்றனவா, அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் முழு எழுத்தும் போகிறதா அல்லது குறி மட்டும் போகிறதா என்பதையும் கவனியுங்கள். நாள் முழுவதும் தமிழில் தட்டச்சிடும் ஒருவருக்கு இந்தச் சின்ன வேறுபாடுதான் பெரிதாகப் படும்.

நிறுவும்போது உலாவி கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம். "இதை இயல்புநிலை உலாவியாக ஆக்கவா?" என்பது ஒன்று. முயற்சிக் காலம் முடியும்வரை அதற்கு மறுப்பே சொல்லுங்கள்; இல்லாவிட்டால் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வரும் இணைப்புகள் எல்லாம் புதியதில் திறந்து, அங்கே நீங்கள் இன்னும் உள்நுழையாததால் வேலை தடைப்படும். மற்றது, பழைய உலாவியிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரவா என்பது. புக்மார்க்குகளை மட்டும் கொண்டுவந்தால் போதும். கணக்குத் தொடங்கச் சொல்லி எந்த உலாவி வற்புறுத்தினாலும், கணக்கு இல்லாமலே அதைப் பயன்படுத்தலாம். தொலைபேசியோடு இணைத்து வைத்திருக்க விரும்புபவர்களுக்குத்தான் அது தேவை.

இலவசமாகத் தருபவர் எதில் உழைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கூகுளின் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. பிரேவ் மற்றவர்களின் விளம்பரங்களைத் தடுத்துவிட்டு, விரும்பிச் சேர்பவர்களுக்குத் தன் விளம்பரங்களைக் காட்டுகிறது. அதற்குக் கூலியாகக் கிரிப்டோ நாணயம் தருவதாகச் சொல்லும் அந்தப் பகுதியைத் திறக்காமலே விட்டுவிடலாம். பயர்பொக்ஸை உருவாக்கும் மொஸில்லா இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் கீழ் இயங்குவது. ஆனாலும் அதன் வருமானத்தின் பெரும்பங்கு, கூகுளைத் தன் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுளே கொடுக்கும் பணம். போட்டியாளரின் பணத்தில் வாழும் இந்த நிலை எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல. ஆயினும் விளம்பரத் தடுப்பில் அந்தச் சார்பு தெரியவில்லை. யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியின் முழு வடிவம் குரோமின் புதிய நீட்சி விதிகளால் அங்கே செயலிழந்தபின்னும் பயர்பொக்ஸில் இயங்கிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு என் தெரிவு பயர்பொக்ஸ்தான். அதில் அந்த ஒரு நீட்சி மட்டும் போதும், குரோமை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். குரோமை மட்டும் மனதில் வைத்துக் கட்டப்பட்ட தளங்கள் சில இன்னும் இருக்கின்றன; படிவமொன்று நிரம்ப மறுத்தாலோ பொத்தான் அழுந்தாவிட்டாலோ அதனோடு மல்லுக்கட்டாமல் பழையதைத் திறந்து வேலையை முடித்துவிடலாம். விண்டோஸ் 10 பற்றியும் ஒரு சொல்: 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. உலாவிகள் அதில் தொடர்ந்து இயங்குகின்றன என்பதற்காக, கீழே இருக்கும் இயங்குதளம் பாதுகாப்பானதாகிவிடாது. மடிக்கணினியைத் திறந்து ராமைக் கூட்ட இடமிருந்தால் அதை 8 ஜீபி ஆக்குவதற்குச் செலவழிக்கும் பணம், எந்த உலாவியும் தர முடியாத ஆறுதலைத் தரும்.

முள்ளியவளையிலிருந்து ஓர் உயர்தர மாணவர்: வீட்டில் அம்மாவின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் படிக்கிறேன். பக்கேஜ் மாதம் முடியுமுன் தீர்ந்துவிடுகிறது. டேற்றாவைக் குறைவாகத் தின்னும் பிறவுசர் எது? இன்கொக்னிற்றோவில் பார்த்தால் குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் சொல்வது தலைகீழானது. இன்கொக்னிற்றோ சாளரத்தை மூடியவுடன் அதில் சேமித்த படங்களும் கோப்புகளும் அழிந்துவிடுவதால், அடுத்த முறை அதே பக்கத்துக்கு அவற்றை மறுபடியும் முழுமையாக இறக்க வேண்டிவரும். சாதாரண சாளரத்தில் ஒரு பகுதியாவது மிச்சமாகும்.

பக்கங்களைச் சுருக்கித் தருவதாகக் குரோமில் முன்பு இருந்த லைற் முறையைக் கூகுள் 2022 இல் நிறுத்திவிட்டது. ஒபெரா மினி தன் சேவைக்கணினியில் பக்கத்தைத் திறந்து சுருக்கி அனுப்புகிறது, ஆனால் அது தொலைபேசிக்கானது; உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் மூன்றாமவர் ஒருவர் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு என்பதால், வங்கி வேலைக்கு அந்த வழி கூடாது. மடிக்கணினியில் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது விளம்பரத் தடுப்புத்தான். செய்தித் தளங்களில் கட்டுரையைவிட அதைச் சுற்றி ஓடும் விளம்பரமும், தானாகவே ஓடத் தொடங்கும் வீடியோவும் பலமடங்கு பாரமானவை. பிரேவில் தடுப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது; பயர்பொக்ஸில் மேலே சொன்ன நீட்சியைச் சேர்க்க வேண்டும். எழுத்து மட்டும் போதும் என்ற வேளையில், குரோமின் தள அமைப்புகளுக்குள் படங்களைக் காட்ட வேண்டாம் என்று சொல்லவும் வழியுண்டு.

வீடியோவின் டேற்றாவை எந்த உலாவியாலும் குறைக்க முடியாது. பாடம் பார்க்கும்போது யூரியூப்பின் தரத்தை 360க்கோ, கரும்பலகை எழுத்து விளங்குமானால் 240க்கோ நீங்களே இறக்க வேண்டும். தரம் தானியங்கியாக இருந்தால் சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் அது மேலே ஏறிவிடும்.

இன்னொரு கசிவு பலருக்கும் தெரிவதில்லை. எட்ஜில் புதிய ரப் ஒன்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் படங்களோடு செய்திப் பட்டியல் இறங்குகிறது. அதை அமைப்பில் நிறுத்திவிடலாம். நீங்கள் அடுத்து எதைச் சொடுக்குவீர்கள் என்று ஊகித்துப் பக்கங்களை முன்கூட்டியே இறக்கும் வசதி குரோமிலும் எட்ஜிலும் உண்டு; அதையும் நிறுத்துங்கள். விண்டோஸின் வைபை அமைப்பில் அம்மாவின் ஹொட்ஸ்பொட்டை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்துவிட்டால், விண்டோஸ் தன் பெரிய இற்றைப்படுத்தல்களைப் பெரும்பாலும் ஒத்திவைக்கும். உலாவிகளின் இற்றைப்படுத்தலை மட்டும் தடுக்க வேண்டாம். குரோமும் பயர்பொக்ஸும் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுவதும், இடையிடையே சிறு திருத்தங்களை அனுப்புவதும் பாதுகாப்புக்காகத்தான். இரண்டு உலாவி வைத்திருந்தால் இந்தச் செலவும் இரண்டு மடங்கு என்பதால், உங்கள் நிலையில் முயற்சி முடிந்தவுடன் ஒன்றை நீக்கிவிடுவது நல்லது. இரவு நேரத்துக்கென்று தனி டேற்றா தரும் பக்கேஜ் உங்களுடையதானால், தரவிறக்கத்தையும் இற்றைப்படுத்தலையும் அந்த நேரத்தில் செய்யுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். பயர்பொக்ஸை இறக்கினால் சிறிய கோப்பு ஒன்று வருகிறது. அதை ஓடவிட்டால் பாதியில் நிற்கிறது. நண்பரிடமிருந்து பென் டிரைவில் வாங்கலாமா?

அந்தச் சிறிய கோப்பு உலாவி அல்ல. உலாவியை இணையத்திலிருந்து இழுத்துவரும் வெறும் தூதர். குரோமுக்கும் இப்படித்தான். இரண்டுக்குமே முழுமையான நிறுவல் கோப்பு தனியாக உண்டு. உலாவியைப் பொறுத்து 100 மெகாபைட்டை அண்டியோ கடந்தோ இருக்கும் அதை, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும் நாளில் நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு வந்தால், வீட்டில் இணைப்பே இல்லாமல் நிறுவலாம். நண்பரிடமிருந்து வாங்குவதானால் கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, பண்புகள் என்பதற்குள் இலக்கமுறைக் கையொப்பம் இருக்கும் பகுதியைப் பாருங்கள். பயர்பொக்ஸானால் மொஸில்லாவின் பெயரும் குரோமானால் கூகுளின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். அந்தப் பகுதியே இல்லையென்றால் கோப்பை அழித்துவிடுங்கள். தேடுபொறியில் உலாவியின் பெயரைத் தட்டும்போது மேலே வரும் விளம்பர இணைப்புகளையும் தவிர்க்க வேண்டும். போலித் தளங்கள் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்குவதுண்டு.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகி: பிரான்சில் இருக்கும் மாமி தான் பாவித்த லப்ரொப்பை அனுப்பியிருக்கிறார். குரோமைத் திறந்தால் அவருடைய கணக்கும் கடவுச்சொற்களும் அப்படியே இருக்கின்றன. அதைத் தொடாமல் எனக்கென்று வேறு பிறவுசர் போட்டுக்கொண்டால் போதுமா?

போதாது. அது மாமிக்கு ஆபத்தானது, உங்களுக்கும் சங்கடமானது. அந்தக் குரோம் அவருடைய கணக்கோடு இணைந்திருக்கும்வரை, வீட்டில் யாராவது அதில் தேடுவதும் பார்ப்பதும் பிரான்சில் இருக்கும் அவருடைய தொலைபேசியிலும் பதிவாகக்கூடும். அவருடைய வங்கிக் கடவுச்சொல் உங்கள் வீட்டு மேசையில் கிடக்கிறது. மாமியிடம் சொல்லி, அவருடைய கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இந்த மடிக்கணினியைத் தெரிவுசெய்து வெளியேற்றச் சொல்லுங்கள். அதை அவர் அங்கிருந்தே செய்யலாம். அதன்பின் அவருக்கு வேண்டிய படங்களும் கோப்புகளும் இருந்தால் எடுத்து அனுப்பிவிட்டு, விண்டோஸின் மீளமைப்பு வசதியால் எல்லாவற்றையும் நீக்கிப் புதிதாகத் தொடங்குங்கள். அந்தப் புதிய விண்டோஸில் எந்த உலாவியை வேண்டுமானாலும் போடலாம்.

பிரான்சு நாட்டு விசைப்பலகையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருக்கும். புதிய உலாவியில் கடவுச்சொல் பிழை என்று திரும்பத் திரும்ப வந்தால், உலாவியைக் குறை சொல்லுமுன் விண்டோஸில் எந்த நாட்டு விசைப்பலகை தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: முயன்று பார்த்தேன், புதியது பிடித்துவிட்டது. சேமித்த கடவுச்சொற்களை எப்படிக் கொண்டுபோவது?

பழைய உலாவியின் கடவுச்சொல் பகுதியில் ஏற்றுமதி என்று இருக்கும். அது ஒரு சீஎஸ்வி கோப்பைத் தரும். புதியதில் அதை இறக்குமதி செய்யலாம். அந்தக் கோப்பில் உங்கள் எல்லாக் கடவுச்சொற்களும் எந்தப் பூட்டும் இல்லாமல், நோட்பாட்டில் திறந்தாலே வாசிக்கக்கூடியதாக எழுதப்பட்டிருக்கும். எனவே இந்த வேலையை உங்கள் சொந்த மடிக்கணினியில் மட்டும் செய்யுங்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேண்டாம். கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதும், அச்சிடக் கொண்டுபோகும் பென் டிரைவில் வைப்பதும் கூடாது. டெஸ்க்ரொப்பில் சேமித்தால் அது மைக்ரோசொப்டின் வன்ட்ரைவ் (OneDrive) சேமிப்புச் சேவை வழியாக மேகக் கணிமைக்கு ஏறிவிடக்கூடும் என்பதால், அதனோடு இணையாத கோப்புறையில் வையுங்கள். இறக்குமதி முடிந்த கையோடு ஷிப்ட் விசையை அழுத்தியபடி அழியுங்கள். அப்போதுதான் அது மறுசுழற்சித் தொட்டியில் தங்காது. பயர்பொக்ஸுக்குப் போவதானால் அதில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள், விடுதியறையில் மடிக்கணினியைத் திறந்தபடி விட்டுச் செல்பவர்களுக்கு அது அவசியம்.

நெடுங்கேணியிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்: முன்பு சேமித்து வைத்த சில தமிழ்ப் பக்கங்கள் பழைய கணினியில் நன்றாகத் தெரிந்தன. மகன் வாங்கித் தந்த புதியதில் எந்த உலாவியில் திறந்தாலும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. எதைப் போட்டால் தெரியும், ஐயா?

ஐயா, அந்தப் பக்கங்கள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிக்கோட்டுக்கு முந்தியவை. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருந்தன. எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். அக்காலத்துத் தமிழ்த் தளங்கள் பல, எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் ஒரு முறையைக் கையாண்டன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டுமே விளங்கிக்கொண்ட அந்த முறை, 2022 ஜூன் 15 அன்று அந்த உலாவி ஓய்வுபெற்றதோடு வழக்கொழிந்தது. இனி வரப்போகும் எந்தப் புதிய உலாவியும் அதை மீட்டுத் தரப்போவதில்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. எட்ஜின் அமைப்பில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் முறை என்றொன்று உண்டு. 2029 வரையாவது அதை வைத்திருப்பதாக மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. முதலில் அதில் திறந்து பாருங்கள். தெரியாவிட்டால் பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவிப் பாருங்கள். எப்படியும், வாசிக்க முடிகிறபோதே அந்தப் பக்கங்களை, பாமினியிலிருந்து யூனிக்கோட்டுக்கு மாற்றும் கருவி ஒன்றில் இட்டு மாற்றிச் சேமித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊரின் பழைய பதிவுகள் வேறெங்கும் இல்லாதவையாக இருக்கலாம்.

யூனிக்கோட் பக்கங்களிலும் எழுத்து சிறிதாகவோ மெலிதாகவோ தெரிந்தால், பயர்பொக்ஸின் எழுத்துரு அமைப்பில் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவையும் அளவையும் தெரிவுசெய்யலாம். அதன் வாசிப்பு முறையும் கட்டுரையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும். கண்ணாடி போட்டு வாசிக்கும் வயதினருக்கு, வேகத்தைவிட இந்த இரண்டு வசதிகளும் பெரிய காரணங்கள்.

பூநகரியிலிருந்து ஒரு வாசகர்: விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினிக்கு எந்த உலாவி?

2023 தொடக்கத்தில் வந்த 109 ஆவது பதிப்போடு குரோம் விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. பயர்பொக்ஸில் அதற்கென நின்ற கடைசிப் பதிப்பு 115. இந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம். அதில் லினக்ஸ் மின்ட் போட ஒருவர் கிடைத்தால், புதிய பயர்பொக்ஸ் அதனோடே வரும்.

கிளிநொச்சி, அறிவியல் நகரிலிருந்து ஒரு மாணவர்: செயற்கை நுண்ணறிவோடு வரும் உலாவிகளை முயலலாமா?

பெர்ப்பிளெக்சிட்டியின் கொமெற்றும், 2025 ஒக்டோபரில் முதலில் மக் கணினிகளுக்கென்று வந்த ஓப்பின்ஏஐ நிறுவனத்தின் அட்லஸும் இந்த வகையைச் சேர்ந்தவை. பக்கத்தைச் சுருக்கிச் சொல்வதோடு நிற்காமல், உங்களுக்காகச் சொடுக்குவதும் படிவம் நிரப்புவதும் அவற்றால் முடியும். ஆபத்தும் அந்த வசதியிலேதான் இருக்கிறது. பக்கத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து எழுதப்பட்ட கட்டளையை, நீங்கள் சொன்னதாக அந்தக் கருவி எடுத்துக்கொள்ளக்கூடும். கொமெற்றில் இப்படி நடக்கலாம் என்பதைப் பிரேவின் ஆய்வாளர்கள் 2025 ஓகஸ்டில் காட்டினார்கள். ஆர்வத்துக்காக முயல்வதானால், மின்னஞ்சலிலும் வங்கியிலும் உள்நுழையாத வெறும் உலாவியாக வைத்து முயலுங்கள். உங்கள் துறையே அதுவென்றால் முயலத்தான் வேண்டும்.

செட்டிகுளத்திலிருந்து ஒரு வாசகர்: புதியது பிடிக்கவில்லை. நீக்கினால் முழுவதும் போய்விடுமா? மடிக்கணினியைத் தங்கைக்குக் கொடுக்கப்போகிறேன்.

தானாகப் போகாது. குரோமை நீக்கும்போது, உலாவல் தரவையும் அழிக்கவா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். அதில் குறியிட்டால்தான் அவையும் நீங்கும். கணக்கில் உள்நுழைந்து இணைத்திருந்தால், கூகுளின் சேவைக்கணினியில் இருக்கும் பிரதி அப்போதும் அங்கேயே இருக்கும். பயர்பொக்ஸை நீக்கினாலும் உங்கள் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் இருக்கும் கோப்புறை கணினியில் தங்கிவிடுகிறது; பின்னர் யாராவது அதே விண்டோஸ் கணக்கில் அதை மறுபடி நிறுவினால் எல்லாம் திரும்பி வந்துவிடலாம். எனவே நீக்குவதற்கு முன், உலாவிக்குள் போய் வரலாறு, குக்கி, கடவுச்சொல் எல்லாவற்றையும் அழித்து, கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பின் நீக்குங்கள். தங்கைக்கு விண்டோஸில் தனிக் கணக்கொன்றைத் திறந்து கொடுத்து, உங்கள் கணக்கை அழித்துவிட்டால், அந்தக் கோப்புறையும் அதனோடு போய்விடும்.